35 நொடி: ஒரு டேக்-ஆஃபை எப்படிப் பார்ப்பது?

இந்த இதழுக்கு ஏதாவது டெக்னிக்கலா எழுதுன்னு எடிட்டர் கேட்டப்போ, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டையே தமிழ்ல மாத்திக் கொடுத்துடலாமான்னு முதல்ல யோசிச்சேன். அதை நானே ரெண்டாவது தடவை படிக்க மாட்டேன், நீங்க எங்க படிக்கப் போறீங்க? அதனால பத்து வருஷமா நான் செஞ்சுக்கிட்டிருக்கிற ஒரு வேலையைச் சொல்லித் தர்றேன். விமானம் புறப்படுறதைப் பாக்குற வேலை.

எங்க வீடு பம்மல் பக்கம். மீனம்பாக்கம் ரன்வேயோட மேற்கு முனையில இருந்து அதிக தூரம் இல்ல. பேசிக்கிட்டே இருப்போம், தலைக்கு மேல விமானம் போகும், பேச்சை நிறுத்துவோம், போனதும் விட்ட இடத்துல இருந்து தொடருவோம். வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்க எல்லாம் அண்ணாந்து பார்ப்பாங்க. எங்க ஆளுங்க யாரும் பார்க்க மாட்டாங்க, என்னைத் தவிர.

சும்மா பார்த்தா அது ஒரு சத்தம், அவ்வளவுதான். கணக்கோட பார்த்தா, ரெண்டாவது செமஸ்டர்ல நம்மைத் தூங்க வெச்ச அதே மெக்கானிக்ஸ் கண்ணு முன்னாடி ஓடும். வாங்க, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

1. எந்தப் பக்கம் புறப்படுது?

சென்னையோட பிரதான ரன்வே நீளம் 3,658 மீட்டர். அதோட ஒரு முனையில 07னும் இன்னொரு முனையில 25னும் எழுதியிருக்கும். இது ஏதோ வரிசை எண் இல்ல. திசைகாட்டிக் கோணத்தைப் பத்தால வகுத்து எழுதினது. 07ன்னா விமானம் சுமார் 70 டிகிரி திசையில, அதாவது கிழக்கு-வடகிழக்கா ஓடுது. 25ன்னா 250 டிகிரி, மேற்கு-தென்மேற்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் சரியா 180 டிகிரி. ஒரே ரோடுதான், பேரு ரெண்டு.

எந்தப் பக்கம்னு முடிவு பண்றது காத்து. விமானம் எதிர்காத்துலதான் புறப்பட விரும்பும். ஏன்னு ஒரு கணக்குல பார்க்கலாம். ஒரு விமானம் எழும்ப காத்தோட ஒப்பிட்டா நொடிக்கு 75 மீட்டர் வேகம் வேணும்னு வெச்சுக்குவோம். எதிர்ல நொடிக்கு 5 மீட்டர் வேகத்துல காத்து வீசினா, தரையில 70 மீட்டர் வேகம் போதும். ஓடுற தூரம் வேகத்தோட இருமடிக்குப் போகும். 70ஐ 75ஆல வகுத்து இருமடியாக்கினா சுமார் 0.87. அதாவது 13 சதவீத ரன்வே மிச்சம். சாதாரண சாயங்காலக் காத்து இலவசமா கொடுக்கிற டிஸ்கவுண்ட் இது.

வடகிழக்குப் பருவமழை மாசங்கள்ல பெரும்பாலும் 07. மே, ஜூன் மாசத்துல காலையில மேற்குக் காத்து அடிக்கும், எல்லாம் 25ல கிளம்பி எங்க வீட்டுப் பக்கமா வரும். மதியத்துக்கு மேல கடல்காத்து உள்ள வந்தா திசை மாறும். கத்திரி வெயில்ல எங்க தலைக்கு மேல சத்தம் திடீர்னு குறைஞ்சா, “கடல்காத்து வந்துடுச்சு, ஜன்னலைத் திற”ன்னு அம்மா சொல்வாங்க. அம்மா ஏரோடைனமிக்ஸ் படிச்சதில்ல.

2. ஸ்டாப்வாட்ச் எடுங்க

லீவு நாள்ல பரங்கிமலை மேல ஏறிப் போங்க. அங்க இருந்து ரன்வே தெரியும். விமானம் ஓட ஆரம்பிக்கிற நொடியில போன்ல ஸ்டாப்வாட்சை அழுத்துங்க, சக்கரம் தரையை விடும்போது நிறுத்துங்க. ஏர்பஸ் ஏ320 மாதிரி ஒண்ணுன்னா 35 நொடிக்கு அக்கம்பக்கம் வரும். பயணியா உள்ள உக்காந்திருந்தாலும் இதைச் செய்யலாம், போன் ஃப்ளைட் மோட்ல இருந்தாப் போதும்.

இந்த ஒரே ஒரு எண்ணை வெச்சு எவ்வளவு கறக்கலாம்னு பாருங்க.

எழும்புற வேகம் நொடிக்கு 75 மீட்டர், அதாவது மணிக்கு 270 கிலோமீட்டர்னு எடுத்துக்குவோம்.

முடுக்கம் = 75 ÷ 35 = சுமார் 2.14. புவியீர்ப்பு முடுக்கத்துல அஞ்சுல ஒரு பங்கை விடக் கொஞ்சம் அதிகம். முதுகு சீட்டோட ஒட்டுதே, அந்த உணர்வோட அளவு இதுதான்.

ஓடின தூரம் = பாதி × 75 × 35 = சுமார் 1,310 மீட்டர். ரன்வேயில மூணுல ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டினதுமே மேல எழும்பிடுது. மிச்ச ரன்வே எதுக்குன்னு கேக்குறீங்களா? அந்தக் கேள்வியை மறந்துடாதீங்க, திரும்ப வருவோம்.

விசை = நிறை × முடுக்கம். 70 டன்னுன்னா 70,000 × 2.14 = சுமார் 150 கிலோ நியூட்டன்.

இங்கதான் நான் முதல் தடவை மாட்டிக்கிட்டேன். ஏ320நியோவோட ஒரு என்ஜின் சுமார் 120 கிலோ நியூட்டன் உந்துவிசை கொடுக்கும். ரெண்டும் சேர்ந்தா 240. ஆனா எனக்கு வந்தது 150. மிச்சம் 90 எங்க போச்சு? காத்தோட இழுவையும் டயர் உராய்வும் கொஞ்சம் தின்னுடும். வேகம் கூடக்கூட என்ஜினோட உந்துவிசையும் குறையும். இது ரெண்டையும் கழிச்சாலும் எனக்குக் கணக்கு முழுசா நேராகல.

அப்புறம்தான் தெரிஞ்சுது, பல டேக்-ஆஃப்ல விமானிங்க முழு சக்தியைப் போடுறதே இல்ல. விமானத்தோட எடை, வெப்பநிலை, ரன்வே நீளம், காத்து எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல கொடுத்து, இன்னைக்கு எவ்வளவு சக்தி போதும்னு முன்னாடியே கணக்குப் போட்டு, அந்த அளவுக்குத்தான் என்ஜினை ஓட்டுறாங்க. ஏர்பஸ்ல இதுக்கு ஃப்ளெக்ஸ் டேக்-ஆஃப்னு பேர். என்ஜினுக்குள்ள வெப்பம் குறையும், தேய்மானம் குறையும், ஆயுள் கூடும். முழு சக்தியும் கைக்கெட்டுற தூரத்துலயே இருக்கும், வேணும்னா லீவரை முன்னாடி தள்ளினாப் போதும். எக்ஸாமுக்கு முதல் நாள் மட்டும் முழு திரஸ்ட் போடுற நமக்கு இது கொஞ்சம் புதுசா இருக்கும்.

3. எழும்புறது எப்படி?

ஏற்றவிசை = பாதி × காத்தோட அடர்த்தி × வேகத்தின் இருமடி × இறக்கைப் பரப்பு × ஏற்றவிசைக் கெழு. ஏ320 இறக்கைப் பரப்பு சுமார் 122.6 சதுர மீட்டர். 35 டிகிரி வெயில்ல கடல்மட்டத்துக் காத்தோட அடர்த்தி சுமார் 1.145. 75 மீட்டர் வேகத்தைப் போட்டு, 70 டன் எடையான 687 கிலோ நியூட்டனுக்குச் சமப்படுத்தினா, கெழு சுமார் 1.7 வரும். ஃபிளாப் இல்லாத வெறும் இறக்கைக்கு இது ரொம்ப அதிகம். அதனாலதான் புறப்படும் முன்னாடி இறக்கையோட பின் ஓரத்துல ஃபிளாப்பும் முன் ஓரத்துல ஸ்லாட்டும் நீண்டு இறங்குது. ஜன்னல் சீட் கிடைச்சா செல்ஃபியை விட்டுட்டு அதைப் பாருங்க.

வெயில் எவ்வளவு விளையாடுதுன்னும் பார்த்துடலாம். 15 டிகிரியில 1.225 இருக்கிற அடர்த்தி, 40 டிகிரியில சுமார் 1.13ஆ குறையுது. 8 சதவீதம். அதே எடையைத் தூக்க 4 சதவீதம் கூடுதல் வேகம் வேணும். ஓடுற தூரம் அதனால மட்டுமே கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடும். போதாக்குறைக்கு என்ஜினும் சூட்டுல சோர்ந்துபோகும். மே மாசம் மதியம் நாம மட்டும் இல்ல, விமானமும் கஷ்டப்படுது.

எழும்பினதும் காதைத் தீட்டிக்கோங்க. சக்கரம் உள்ள போறப்போ தரைக்கு அடியில ‘கடகட’ன்னு ஒரு சத்தம். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு அடி உயரத்துல என்ஜின் சத்தம் சட்டுனு இறங்கும், வயிறு கொஞ்சம் மிதக்குற மாதிரி இருக்கும். பலர் இங்கதான் பயந்து பக்கத்து சீட்டுக்காரரைப் பார்ப்பாங்க. ஒண்ணும் ஆகல. டேக்-ஆஃப் சக்தியில இருந்து ஏற்றத்துக்கான சக்திக்கு மாத்துறாங்க, அவ்வளவுதான்.

4. வி1

இப்போ அந்த மிச்ச ரன்வே. புறப்படுறதுக்கு முன்னாடியே விமானிங்க மூணு வேகத்தைக் கணக்குப் போட்டு வெச்சுக்குவாங்க. நடுவுல உள்ளது மூக்கைத் தூக்குற வேகம். கடைசி, ஒரு என்ஜின் நின்னுபோனாலும் பாதுகாப்பா ஏறத் தேவையான வேகம். முதலாவதுதான் வி1.

வி1 வர்றதுக்கு முன்னாடி பெரிய கோளாறு தெரிஞ்சா பிரேக் போட்டு நிக்கலாம், நிக்க ரன்வே இருக்கும். மிச்ச ரன்வே அதுக்குத்தான். வி1 தாண்டிட்டா, ஒரு என்ஜின் போனாலும் மேல போய்த்தான் ஆகணும். இன்னொரு என்ஜினால அது முடியும்னு நிரூபிச்ச பிறகுதான் அந்த விமானத்துக்கு அனுமதியே கிடைக்கும். “வி ஒன்” குரல் கேட்டதும் கேப்டன் திரஸ்ட் லீவர்ல இருந்து கையை எடுத்துடுவார். இனி நிறுத்துற எண்ணமே வரக்கூடாதுன்னுதான் அப்படி.

செமினார் ஹாலுக்கு வர்ற மோட்டிவேஷன் பேச்சாளர் எல்லாரும் “டேக்-ஆஃப் ஆகுங்க, ரிஸ்க் எடுங்க”ன்னு சொல்றாங்க. காக்பிட்ல நடக்குறது அதுக்கு நேர் எதிர். அங்க தைரியத்துக்கு வேலையே இல்ல. எப்போ நிக்கணும், எப்போ நிக்கக்கூடாதுன்னு பிரேக்கை விடுறதுக்கு முன்னாடியே, மனசு அமைதியா இருக்கும்போதே எழுதி வெச்சுடுறாங்க. 270 கிலோமீட்டர் வேகத்துல யோசிக்க நேரம் கிடைக்காதுன்னு அவங்களுக்குத் தெரியும்.

5. எங்க வீட்டு மாடி

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எனக்கு விமானி ஆகணும்.

இதை வீட்டுல சொன்னது மூணாம் வருஷக் கடைசியில. கொஞ்ச நாள்ல, 2025 ஜூன் 12, அகமதாபாத். புறப்பட்ட சில நொடிகள்ல ஏர் இந்தியா 171 ஒரு மருத்துவக் கல்லூரி விடுதிக் கட்டிடத்து மேல விழுந்தது. உள்ள இருந்த 242 பேர்ல ஒருத்தர்தான் பிழைச்சார். தரையில இருந்தவங்களும் இறந்தாங்க. நம்ம வயசுப் பசங்க இருந்த ஹாஸ்டல் அது. அதோட காரணத்தை நான் இங்க பேசப் போறதில்ல, அது விசாரணை செய்யறவங்க வேலை. அதுக்கப்புறம் அம்மா மாடிக்குத் துணி காயப்போட வந்தாக்கூட மேல பார்க்கிறதில்ல. விமானம் போற சத்தம் கேட்டா, போய் முடியற வரைக்கும் கையில இருக்கிற வேலையை நிறுத்திடுறாங்க.

அப்பா லேத் பட்டறை வெச்சிருக்கார். அவர் பயம் வேற. வணிக விமானி லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்கணும். எல்லாம் சேர்த்து அரைக் கோடிக்கு மேல போகும். எங்ககிட்ட விக்கிறதுக்கும் அடகு வைக்கிறதுக்கும் இருக்கிறது பட்டறை ஒண்ணுதான். “பட்டறையை வெச்சுடலாம்டா, நீ போ”ன்னு அவர் சொன்னப்போதான் எனக்கு நிஜமாவே பயம் வந்தது.

அன்னைக்கு ராத்திரி ஒரு ஏ4 பேப்பர்ல என்னோட வி1ஐ எழுதினேன். ஒண்ணு, கேம்பஸ்ல கிடைச்ச வேலையில சேரணும். ரெண்டு, காசு எதுவும் கட்டுறதுக்கு முன்னாடி மருத்துவப் பரிசோதனையை முடிக்கணும். முதல்ல கிளாஸ் 2, அப்புறம் கிளாஸ் 1. மூணு, வேலை பார்த்துக்கிட்டே நேவிகேஷன், மீட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் பேப்பர்களை எழுதிப் பாஸ் பண்ணணும். நாலு, பட்டறைப் பத்திரத்தைத் தொடக்கூடாது. மூணு வருஷத்துக்குள்ள இந்த நாலுல எது தவறினாலும் நிறுத்திடுவேன். ரன்வே மிச்சம் இருக்கும்போதே நிக்கிற விமானத்தை யாரும் தோத்துப்போச்சுன்னு சொல்றதில்ல. எல்லாம் சரியா வந்து பயிற்சியில சேர்ந்துட்டா, அப்புறம் லீவர்ல இருந்து கையை எடுத்துடுவேன்.

அப்பா பேப்பரை ரெண்டு தடவை படிச்சுட்டு, நாலாவது வரியை மட்டும் அடிச்சுவிடச் சொன்னார். நான் அடிக்கல. அம்மா எதுவும் சொல்லல. ஆனா போன வாரம் மாடியில நின்னுக்கிட்டிருந்தப்போ பக்கெட்டோட வந்தவங்க, “இது எந்தப் பக்கம் போற பிளேன்?”னு கேட்டாங்க. மேல பார்த்துதான் கேட்டாங்க.

உங்களுக்கு ஹோம்வொர்க்

1. போன்ல வானிலை ஆப்பைத் திறந்து காத்துத் திசையைப் பாருங்க. காத்து எங்கிருந்து வருதுங்கிறதைத்தான் அதுல போடுவாங்க. இன்னைக்கு 07ஆ, 25ஆன்னு முதல்ல சொல்லிட்டு அப்புறம் வானத்தைப் பாருங்க.

2. அஞ்சு டேக்-ஆஃபுக்கு நொடி எடுங்க. காலையில ரெண்டு, உச்சி வெயில்ல மூணு. வித்தியாசம் வந்தா, அதுல வெயில் எவ்வளவு, எடை எவ்வளவு, ஃப்ளெக்ஸ் எவ்வளவுன்னு யோசிங்க.

3. பாக்குறப்போ ஜிஎஸ்டி ரோட்டுல வண்டியை நிறுத்தாதீங்க. ட்ரோன் வேண்டாம், லேசர் அடிக்கிறது வேண்டவே வேண்டாம். சாப்பிட்ட மிச்சத்தை வெளியில கொட்டாதீங்க, பறவை வரும். 2009 ஜனவரி 15 அன்னைக்கு நியூயார்க்ல ஒரு ஏ320யோட ரெண்டு என்ஜினையும் சாய்ச்சது வாத்துக் கூட்டம்தான். ஹட்சன் ஆத்துல இறக்கி 155 பேரையும் காப்பாத்தினாங்க. அடையாறுல அப்படி இறக்க இடம் இல்ல.

எடுத்த நொடிகளை எனக்கு அனுப்புங்க. அடுத்த இதழ்ல எல்லாத்தையும் ஒரே கிராஃப்ல போட்டுப் பார்ப்போம். பக்கத்துல யாராவது அண்ணாந்து பார்த்துக்கிட்டு நின்னா, அவங்க கையிலயும் ஒரு ஸ்டாப்வாட்சைக் கொடுத்துடுங்க.