மூன்று நிமிடப் படம்

அன்புள்ள தம்பிக்கு,

பாட்டுகளுக்குக் குறும்படம் எடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். கேமரா வாங்கும் முன் சாம் காஸ்லோவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்.

1902இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1930களில் ஹாலிவுட்டில் பாரமவுண்ட் படங்களுக்குப் பாட்டெழுதிப் பெயர் வாங்கினார். ஆர்தர் ஜான்ஸ்டனோடு சேர்ந்து எழுதிய 'காக்டெயில்ஸ் ஃபார் டூ', 'மை ஓல்ட் ஃபிளேம்' இரண்டையும் இன்றும் பாடுகிறார்கள். ஆனால் நீ கவனிக்க வேண்டியது 1940க்குப் பிறகு அவர் செய்த வேலையை. அன்றைய அமெரிக்க ஜனாதிபதியின் மகன் ஜேம்ஸ் ரூஸ்வெல்ட், சிகாகோவின் மில்ஸ் நாவல்டி கம்பெனி இவர்களோடு சேர்ந்து 'சவுண்டீஸ்' என்ற பாட்டுப் படங்களைத் தயாரித்தார்.

அவற்றைக் காட்ட மில்ஸ் செய்த பெட்டிக்குப் 'பனோரம்' என்று பெயர். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மரப்பெட்டி. மதுக்கடைகளிலும் உணவகங்களிலும் வைத்திருந்தார்கள். 10 சென்ட் போட்டால் மூன்று நிமிடம் ஒரு பாட்டு ஓடும். உள்ளே 16 மி.மீ. சுருளில் எட்டுப் பாட்டுகள் வரிசையாக இருக்கும். பிடித்ததைத் தேர்ந்தெடுக்க வழியில்லை, முறைக்கு எது வருகிறதோ அதுதான். கண்ணாடிகளில் பட்டு, திரையின் பின்பக்கத்திலிருந்து படம் விழும் என்பதால் பிரதிகளையே இடவலம் மாற்றி அச்சிட்டார்கள். அவற்றைச் சாதாரணப் புரொஜெக்டரில் ஓட்டினால் கிதார்க்காரர் இடக்கைக்காரராகத் தெரிவார்!

கடைச் சத்தத்துக்கு நடுவே, தான் தேர்ந்தெடுக்காத பாட்டை நின்றபடி பார்ப்பவரை முதல் தாளத்திலேயே பிடித்தாக வேண்டும். இந்தக் கணக்கு பாட்டெழுதியவருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பது என் எண்ணம். பல்லவி எடுபடாவிட்டால் பாட்டே போச்சு என்று பழகியவர் அல்லவா?

இன்னொன்று. அன்றைய முழுநீளப் படங்களில் கறுப்பினக் கலைஞர்களுக்குப் பெரும்பாலும் வேலைக்காரர் வேடம்தான். சவுண்டீஸிலும் அவர்களை இழிவாகக் காட்டியவை உண்டு. ஆனாலும் ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனும் நடிகை டோரதி டான்ட்ரிட்ஜும் இங்கே மூன்று நிமிடமும் தாங்களே நாயகர்களாக நின்றார்கள்.

அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியதும் பெட்டி செய்யப் பொருள் கிடைக்கவில்லை. 1942இல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுக்குத் தடை போட்டது. காஸ்லோ 'ஹெவன்லி மியூசிக்' குறும்படத்துக்காக 1943ஆம் ஆண்டின் ஆஸ்கரை ஜெர்ரி பிரெஸ்லரோடு பகிர்ந்துகொண்டார். பிற்காலத்தில் பங்குச்சந்தை இதழ் நடத்தினார்.

அவர் தயாரிப்பில் 1941இல் எலிங்டன் குழு நடித்த 'ஹாட் சாக்லேட்'டைத் தேடிப் பார். பாட்டை முன்பே பதிவுசெய்து, அதை ஒலிக்கவிட்டுப் படம்பிடித்தார்கள். நம்மூர்ப் பிளேபேக் முறைதான். முதலில் ஒலியை அடைத்துவிட்டுப் பார், நடனக்காரர்கள் எப்போது நுழைகிறார்கள் என்று குறித்துக்கொள். பிறகு ஒலியோடு பார்த்து, அந்த இடத்தில் இசை என்ன செய்கிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்