பூமி இழுக்கிறது, நாமும் இழுக்கிறோம்

கயிறு அறுந்தால் வாளி கிணற்றுக்குள் விழுகிறது. காம்பை விட்ட மாங்காய் தரையில் விழுகிறது. கை தவறிய செம்பும் தரைக்கே போகிறது. எதுவும் மேலே போய் வானத்தில் ஒட்டிக்கொள்வதில்லை. ஏன்?

பூமி இழுக்கிறது. அதனால் விழுகிறது. இந்த இழுப்புக்கு ஈர்ப்பு விசை என்று பெயர்.

பூமி மட்டும்தான் இழுக்குமா? இல்லை. எல்லாப் பொருள்களும் ஒன்றையொன்று இழுக்கின்றன. பூமி மாங்காயை இழுக்கிறது. மாங்காயும் பூமியை அதே அளவு இழுக்கிறது. மாங்காய் சிறியது. அதனால் சட்டென்று நகர்கிறது. பூமி மிகப் பெரியது. அது நகர்வது தெரிவதே இல்லை.

இதைக் கணக்காகச் சொன்னவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஐசக் நியூட்டன். 1687-ஆம் ஆண்டு அவருடைய நூல் வெளிவந்தது. அவர் சொன்னவற்றில் இரண்டு செய்திகள் முக்கியமானவை.

முதல் செய்தி: நிறை கூடினால் இழுப்பும் கூடும். நிறை என்றால் என்ன? ஒரே அளவில் இரண்டு மூட்டைகள் இருக்கின்றன. ஒன்றில் பஞ்சு. மற்றொன்றில் நெல். நெல் மூட்டைக்குத்தான் நிறை அதிகம்.

இரண்டாவது செய்தி: தூரம் கூடினால் இழுப்பு குறையும். தூரம் 2 மடங்கானால் இழுப்பு 4-இல் 1 பங்காகும். தூரம் 10 மடங்கானால் இழுப்பு 100-இல் 1 பங்காகும்.

அப்படியானால், பக்கத்தில் இருப்பவர் நம்மை இழுப்பது ஏன் தெரியவில்லை? 60 கிலோ எடையுள்ள இருவர் 1 மீட்டர் இடைவெளியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இடையே உள்ள இழுப்பு, ஒரே ஒரு பொடி மணலின் எடை அளவுதான். அது எப்படித் தெரியும்?

ஆனாலும் இத்தகைய சிறிய இழுப்பையும் ஒருவர் அளந்து காட்டினார். அவர் பெயர் ஹென்றி கேவண்டிஷ். ஒரு கம்பின் இரு முனைகளிலும் சிறிய ஈயக் குண்டுகளை வைத்தார். கம்பை மெல்லிய கம்பியில் தொங்கவிட்டார். அவற்றின் அருகே பெரிய ஈயக் குண்டுகளைக் கொண்டுவந்தார். பெரிய குண்டு ஒவ்வொன்றும் சுமார் 158 கிலோ. காற்று அசையக் கூடாது என்று அறையை மூடிவிட்டு, வெளியே இருந்து தொலைநோக்கியால் பார்த்தார். சிறிய குண்டுகள் பெரிய குண்டுகளை நோக்கி இம்மியளவு நகர்ந்தன! அந்தக் கணக்கை 1798-இல் வெளியிட்டார்.

சரி, பொருள்கள் ஏன் இழுக்கின்றன? இதற்கு 1915-இல் விளக்கம் தந்தவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்.

ஒரு வேட்டியை நான்கு பேர் நான்கு மூலையிலும் இழுத்துப் பிடிக்கிறார்கள். நடுவில் ஒரு கல்லை வைத்தால் துணி குழிகிறது. ஓரத்தில் ஒரு கோலிக்குண்டை விட்டால் அது குழியை நோக்கி உருள்கிறது. நிறையுள்ள பொருளும் தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் காலத்தையும் இப்படி வளைக்கிறது. மற்றப் பொருள்கள் அந்த வளைவின் வழியே செல்கின்றன. அதைத்தான் நாம் இழுப்பு என்கிறோம். வேட்டி ஓர் உவமைதான். ஆனால் வளைவு உண்மை. 1919-இல் சூரிய கிரகணத்தின்போது விண்மீன்களின் ஒளி சூரியன் அருகே வளைந்து வருவதை அளந்து பார்த்தார்கள்.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன்? பயம் போகும்.

1962-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நம் நாட்டில் பெரிய பயம் ஒன்று பரவியது. எட்டு கிரகங்கள் மகர ராசியில் சேர்கின்றன, உலகம் அழியப் போகிறது என்று பேசிக்கொண்டார்கள். பல ஊர்களில் யாகங்கள் நடந்தன. பிப்ரவரி 5 அமாவாசை. அந்த நாள் வந்தது, போனது. உலகம் அழியவில்லை.

ஏன் அழியவில்லை? எட்டையும் எண்ணிப் பார்ப்போம்.

எட்டில் இரண்டு, சூரியனும் நிலாவும். இவை இரண்டும் வானில் ஒரே பக்கம் வருவது புதிதா? ஒவ்வோர் அமாவாசையும் அப்படித்தான் வருகின்றன. கடலில் அலை ஏற்றம் கொஞ்சம் கூடும். அவ்வளவுதான்.

இன்னொன்று கேது. அது ஓர் உருண்டை அல்ல. சூரியனின் பாதையை நிலாவின் பாதை வெட்டும் ஓர் இடம். அதற்கு நிறை இல்லை. நிறை இல்லாதது எதை இழுக்கும்?

மீதி ஐந்து: புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி. இவற்றில் வியாழனே மிகப் பெரியது. அதன் நிறை பூமியைப் போல 318 மடங்கு. ஆனால் தூரம்? அன்று அது சூரியனுக்கும் அப்பால், சுமார் 90 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. நிலாவோ சுமார் 4 லட்சம் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஐந்து கோள்களின் இழுப்பையும் ஒன்றாகச் சேர்த்தாலும், நிலாவின் இழுப்பில் 100-இல் 1 பங்கு கூட வராது.

2000-ஆம் ஆண்டு மே மாதத்திலும் கோள்கள் வானில் ஒரே பக்கம் சேர்ந்தன. அப்போதும் எந்த ஆபத்தும் வரவில்லை.

இனி யாராவது கோள்கள் கூடுகின்றன என்று பயமுறுத்தினால், இரண்டு கேள்விகள் கேளுங்கள். அதன் நிறை எவ்வளவு? அது இருக்கும் தூரம் எவ்வளவு? விடை கிடைத்ததும் நிம்மதியாக உங்கள் வேலையைப் பாருங்கள்.

விடை எழுதுங்கள்

1. மாங்காய் பூமியை இழுக்கிறதா? அப்படியானால் பூமி நகர்வது ஏன் தெரிவதில்லை?
2. தூரம் 3 மடங்கானால் இழுப்பு எத்தனை பங்காகக் குறையும்?
3. கேதுவுக்கு ஏன் ஈர்ப்பு விசை இல்லை?
4. உங்கள் ஊரில் கிரகணம் பற்றி என்னென்ன பயங்கள் உண்டு? பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். வகுப்பில் பேசிப் பாருங்கள்.