நான்காமவரின் பொறுப்பு

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்தார் வள்ளுவர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்காமவரின் பணி பேணுதலோடு நிற்பதில்லை. நினைவிழந்து கிடப்பவருக்காக முடிவெடுக்கும் பொறுப்பும் அவர்மேல் விழுகிறது.

செயற்கைச் சுவாசக் கருவியைத் தொடரலாமா என மருத்துவர் வினவும்போது, உறவினர் தம் அன்பையே எடைபோட்டுக்கொள்கின்றனர். 'வேண்டாம்' என்றால் பெற்றவரைக் கைவிட்ட பழி வந்துசேருமோ என்னும் அச்சம் ஒருபுறம். நாள்தோறும் ஏறும் செலவு மறுபுறம். வெளியூரிலிருந்து வந்திறங்கும் உடன்பிறந்தாரின் கேள்விகளோ தனி. "நீங்களே சொல்லுங்கள், என்ன செய்யலாம்?" என்னும் வினா இவ்வச்சத்தை வளர்க்கவே செய்யும். "அவரால் பேச முடிந்தால் எதை விரும்புவார்?" என்று கேட்டால் நிலை மாறுகிறது. பிறரைச் சார்ந்து வாழ்வதை அவர் எவ்வாறு கருதினார், வீட்டில் வேறொருவர் நோயுற்றபோது என்ன சொன்னார் என்பனவற்றை மனைவியும் மக்களும் நினைவுகூர்வர். தீர்ப்பளிக்கும் இடத்திலிருந்து விலகி, அவருக்காகச் சாட்சி சொல்லும் இடத்திற்கு வருவர்.

இதற்கு மருத்துவரின் தெளிவான சொல் தேவை. இச்சிகிச்சை குணமாக்குமா, இறப்பைத் தள்ளிப்போடுமா என்பதை எளிய தமிழில் கூறுதல் வேண்டும். ஐயம் இருப்பின், இத்தனை நாள் முயன்றபின் மீண்டும் கூடிப் பேசுவோம் என நாள் குறிக்கலாம். நாள் குறிக்காமல் 'பார்க்கலாம்' என்பது வெறும் மழுப்பல். கருவி விலக்கப்பட்டாலும் வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும் சிகிச்சை இறுதிவரை தொடரும் என்பதையும் சொல்லவேண்டும். பல குடும்பங்கள் இதனை அறியா.

கண்ணியத்தோடு இறத்தல் வாழ்வுரிமையுள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. நலமாயிருக்கும்போதே தம் விருப்பத்தை ஒருவர் எழுதிவைக்கும் ஆவணத்தையும் அது ஏற்றது. ஆயினும் அதில் நீதித்துறை நடுவரின் மேலொப்பம் வேண்டியிருந்ததால், நடைமுறையில் அது எளிதாக இல்லை. 2023இல், இரு சாட்சிகளின் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி வழக்குரைஞரிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெற்றால் போதும் என்றாயிற்று. ஆவணம் இல்லாதபோதும், மீள வாய்ப்பில்லாத நோயாளிக்கு, இரு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்து, குடும்பத்தாரின் இசைவு பெற்றே சிகிச்சையை விலக்க இயலும். தம் சார்பில் பேச ஒருவருக்கு மேற்பட்டோரின் பெயர்களை ஆவணத்தில் குறிப்பிடவும் 2023ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. மூத்த மகன் ஒருவனே சுமந்துவந்த பொறுப்பில் மகளின் பெயரும் இனி இடம்பெறலாம்.