முதலில் அவர்கள் கையில் இருக்கும் போனைப் பார்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உங்கள் தொண்டு நிறுவனத்துக்கென்று தனிச் செயலி செய்ய நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுகிறாய் என்று உன் அப்பா சொன்னான். கேட்டுச் சந்தோஷப்பட்டேன். ஆனால் அதை அனுப்பும் முன் இதைப் படித்துவிடு.

மகளிர் குழுக்களுக்காக நாங்களும் ஒரு செயலி செய்தோம். ஒரு வருட நன்கொடை அதில் போயிற்று. யாரும் திறக்கவில்லை. காரணம் தெரிந்துகொள்ள ஒரு குழுத் தலைவியின் வீட்டுக்குப் போனேன். பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசி டப்பா மேல் வைத்திருந்த பட்டன் போனை எடுத்துக் காட்டினார். ஸ்மார்ட்போன் வேலைக்குப் போகும் மகனிடம் இருந்தது. "மெசேஜ் வந்தா பேத்தி ஸ்கூல் விட்டு வந்து படிச்சுச் சொல்லுவா சார்" என்றார். அந்த வீட்டுக்கு நாங்கள் முதலிலேயே போயிருக்க வேண்டும்.

எனவே, பத்து நாள் ஊருக்குள் நட. போன் யார் கையில் இருக்கிறது, அவருக்குப் படிக்க வருமா, சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று கேட்டு எழுது. ரீசார்ஜையும் கேள். கெடு முடிந்தால் சில நாளில் உள்வரும் அழைப்பும் நின்றுவிடும்.

படிக்க வராதவர்களுக்குக் குரல்தான் வழி. சத்தீஸ்கரில் 2010-இல் சுப்ரான்சு சௌத்ரி தொடங்கிய சிஜிநெட் ஸ்வராவைப் பார். கோண்டி பேசும் பழங்குடி மக்கள் சாதாரண போனிலிருந்தே தங்கள் ஊர்ச் செய்தியைப் பேசிப் பதிவு செய்தார்கள். மிஸ்டு கால் கொடுத்தால் போதும், அங்கிருந்து திரும்ப அழைப்பு வரும். ஏழையின் காசு செலவாகாத ஏற்பாடு அது.

குறுஞ்செய்தி அனுப்புவதானால் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 தான். 'சனிக்கிழமை' நமக்கு ஆறு எழுத்து. கொக்கி, புள்ளியையெல்லாம் தனியாக எண்ணும் போனுக்கு அது பத்து. 70-ஐத் தாண்டினால் இரண்டு செய்திக்கான காசு. "முகாம் சனி காலை 10, பள்ளியில்" என்று சுருக்கி எழுதப் பழகு. மொத்தமாக அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டிப் பதிய வேண்டும். அதற்கும் நாள் ஒதுக்கு.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உன் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். அதனால் முதல் சந்திப்பிலேயே எண்ணைப் பதியவைத்துவிடு.

களப்பணியாளர்களின் கணக்கெடுப்புக்குக் கோபோ டூல்பாக்ஸ் என்ற படிவக் கருவி போதும். சிக்னல் இல்லாத இடத்திலும் படிவத்தை நிரப்பி, பிறகு அனுப்பலாம். ஆனால் தேவையில்லாத கேள்வி ஒன்றும் வேண்டாம். ஒரு பெண்ணின் நோயும் கடனும் உன் போனுக்குள் வந்துவிட்டால், அவள் மானத்துக்கு நீ பொறுப்பு. சம்மதம் கேட்டு எழுது, வேலை முடிந்ததும் அழித்துவிடு.

விண்ணப்பத்தில் செயலிக்கென்று போட்ட தொகையை இப்போதைக்கு அடித்துவிடு. அந்த இடத்தில் பத்து நாள் பேருந்துச் செலவை எழுது. போய் வந்த பிறகு, என்ன வாங்குவது என்று சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
உன் பெரியப்பா