உப்புக் காற்றும் ஓசையிழந்த ஹெட்செட்டும்

பஞ்சாயத்து அலுவலகத்தின் முகப்பில் ஒலிபெருக்கியைக் கட்டி, மாலை வேளையில் ஊரார் ஒன்றாக அமர்ந்து வானொலி கேட்ட காலம் ஒன்று இருந்தது. 1956-ஆம் ஆண்டில் புனா நகரைச் சுற்றியுள்ள கிராமங்களில் தொடங்கப்பட்ட வானொலிக் கிராம மன்றங்கள் பின்னர் நாடெங்கும் பரவின. அந்நாளில் வானொலிப் பெட்டி ஊமையானால் ஊர் முழுவதும் அறியும். பஞ்சாயத்தார் ஆளனுப்பிப் பழுது பார்ப்பர். இன்றோ ஒவ்வொருவர் காதிலும் வானொலி தனித்தனியே ஒலிக்கிறது. அது ஊமையானால் உடையவர் ஒருவரே அறிவார். தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்குகிறார்.

காதினுள் செருகிக்கொள்ளும் இக்கருவியை நம் மக்கள் ‘ஹெட்செட்’ என்றே வழங்குகின்றனர். பாட்டுக் கேட்பதற்கு மட்டும் உரிய பொருளாக இதனை எண்ணுதல் கூடாது. தருவைக்குளத்திலும் புன்னைக்காயலிலும் உள்ள மீனவர் வானிலை எச்சரிக்கையை இரைச்சலினிடையே இதன் வழியாகவே கேட்கின்றனர். வீட்டில் தனியறை இல்லாத மாணவியருக்கு, தேர்வுக்குரிய பாடங்களைக் கைபேசியில் கேட்க இதுவே துணை. ஆனால் தூத்துக்குடிக் கரையோரத்தில் இக்கருவியின் ஆயுள் குறைவு. அதற்குக் காரணம் கடைக்காரரின் வஞ்சனை அன்று. பெரும்பாலும் நமது உப்பே ஆகும்.

கருவியின் உள்ளமைப்பை முதலில் அறிந்துகொள்வோம். சிறு காந்தம் ஒன்று, அதன் இடைவெளியில் தலைமயிரைப் போன்ற மெல்லிய கம்பியாலான சுருள் ஒன்று, அச்சுருளோடு ஒட்டிய மெல்லிய தோல் போன்ற தகடு ஒன்று: இவ்வளவே. கைபேசியிலிருந்து மின்னோட்டம் வரும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது, தகடு காற்றை அதிரச் செய்கிறது, அதுவே ஒலி. தகட்டின் முன்னே தூசியைத் தடுக்கும் சிறு சல்லடை உண்டு. பெரும்பாலான பழுதுகள் இச்சல்லடையிலோ, மறுமுனையிலுள்ள பின்னிலோ, இடையிலுள்ள கம்பியிலோதான் நேர்கின்றன. சுருளும் காந்தமும் எளிதில் கெடுவதில்லை.

ஒலி நின்றவுடன் எதையும் கழற்றற்க. பழுதான ஹெட்செட்டை வேறொரு கைபேசியில் செருகிக் கேட்க வேண்டும்; வேறொருவரின் நல்ல ஹெட்செட்டை நம் கைபேசியில் செருகிக் கேட்க வேண்டும். இவ்விரு சோதனைகளும் குற்றம் எங்கே உள்ளது என்பதைக் காட்டிவிடும். குற்றம் கைபேசியில் என்று தெரிந்தால், செருகும் துளையை வெளிச்சத்தில் பாருங்கள். சட்டைப்பையின் நூற்துகள் உள்ளே அமுங்கிக் கிடக்கும். கைபேசியை அணைத்தபின் மரத்தாலான பல்குச்சியால் மெல்லக் கிளறி எடுக்கலாம், குண்டூசி கூடாது. ஒரு பக்கம் மட்டும் கேளாவிடில், கைபேசியின் அமைப்புகளில் இடம் வலம் என்னும் ஒலிச்சமன் ஒருபுறமாகச் சாய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குழந்தைகள் விளையாட்டாக அதை நகர்த்திவிடுவதுண்டு. இதற்காகப் புது ஹெட்செட் வாங்கியவர்களை நான் அறிவேன்.

குற்றம் ஹெட்செட்டிலேயே என்றால், அது எவ்வாறு வந்தது என்பதை நினைவுகூர்தல் நலம். ஒலி நாளுக்கு நாள் மெலிந்து வந்திருந்தால் சல்லடை அடைபட்டிருக்கும். அசைக்கும்போதெல்லாம் கரகரத்து, வந்தும் போயும் இருந்தால் கம்பி அறுந்திருக்கும். மூன்றாவது வகை விசித்திரமானது: பாட்டில் பக்கவாத்தியம் கேட்கும், பாடுபவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மறையும். பொதுவான மின்வழி விடுபட்டதே இதன் காரணம். பாடுபவரின் குரல் இரு காதுகளுக்கும் ஒன்றுபோலவே பதிவாகியிருப்பதால், பொதுவழி அறுந்தவுடன் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைகிறது. பெரும்பாலும் பின்னை முழுவதும் அழுத்திச் செருகினாலே குரல் திரும்பிவிடும். தடித்த உறையிட்ட கைபேசிகளில் உறையைக் கழற்றிப் பாருங்கள்.

இனி உப்பைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவது அவசியம். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 என்னும் அளவைக் கடக்கும்போது சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். அதனுடன் கலந்துள்ள மக்னீசிய உப்புகள் அதற்கு வெகுமுன்னரே கசிந்துவிடும். முள்ளக்காட்டிலும் ஆறுமுகநேரியிலும் உப்பளத்தில் உழைப்போருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுவதில்லை. ஹெட்செட்டின் பின்னிலும் சல்லடையிலும் படியும் கண்ணுக்குத் தெரியாத உப்புப்படலமும் இதையே செய்கிறது. பகலில் உலர்ந்திருந்து இரவில் ஈரமாகி உலோகத்தை அரிக்கிறது. வியர்வையிலும் உப்பு உண்டு. காதுக் குறும்பி இவற்றோடு சேர்ந்தால் சல்லடையின் கண்கள் சாந்து பூசினாற்போல் அடைபடும்.

குறும்பி எண்ணெய்ப்பசை உடையது, ஸ்பிரிட்டில் இளகும். உப்போ ஸ்பிரிட்டில் கரையாது, நீரில்தான் கரையும். ஆதலால் நகரத்தில் கூறப்படும் முறை, அதாவது ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தல், நம் கரையோரத்தில் பாதி வேலையையே செய்யும். பின்னை முதலில் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியாலும், உடனே உலர்ந்த துணியாலும் துடைக்க வேண்டும். அதன்பின் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் ஒருமுறை துடைக்கலாம். காதில் செருகும் ரப்பர் மூடியைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவி, முற்றிலும் உலர்ந்தபின் மாட்டவேண்டும்.

சல்லடைக்கு நீர் ஆகாது. கருவியின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, உலர்ந்த மெல்லிய பல்துலக்கியால் துலக்கினால் அழுக்கு கீழே உதிரும். மேல்நோக்கிப் பிடித்தால் அது உள்ளே இறங்கும். ஊசியால் குத்துவோர் சல்லடையோடு தகட்டையும் கிழித்துவிடுகின்றனர். வாயால் ஊதுவதும் தவறு. மூச்சின் ஈரமும் அழுக்கும் சேர்ந்து உட்செல்லும். கடற்கரையில் வேலை செய்வோர் கருவியை மணலில் வைத்தல் கூடாது. கருமணலிலுள்ள இரும்புத்தாதுத் துகள்களைக் காந்தம் கவர்ந்து சல்லடையில் ஒட்டவைத்துக்கொள்ளும். பிறகு அவற்றை உதிர்ப்பது பெருந்தொல்லை.

கம்பி அறுவது பின்னின் கழுத்திலும், ஒரு கம்பி இரண்டாகப் பிரியுமிடத்திலுமே மிகுதி. கம்பியைப் பிடித்து இழுக்காமல் பின்னைப் பிடித்துக் கழற்றினால் இப்பழுதில் பெரும்பங்கு குறையும். கைபேசியின்மேல் இறுகச் சுற்றி வைத்தலும் கூடாது. கயிற்றை வளையமாகச் சுருட்டுவது போலத் தளர்வாகச் சுருட்டுக. அறுந்த கம்பியை வெட்டி முறுக்கிவிட்டு ‘ஓசை வரவில்லையே’ என்று வருந்துவோர் பலர். உள்ளிழைகளின்மேல் வண்ணப்பூச்சு உண்டு. அது மின்சாரத்தைத் தடுக்கும். சால்டரிங் சூட்டினாலோ சுரண்டியோ பூச்சை நீக்கிய பின்னரே இணைக்க வேண்டும். வலைக்கண்ணைப் பின்னத் தெரிந்த கைகளுக்கு இது கடினமான வேலை அன்று. விசைப்படகுகள் கரையிலிருக்கும் 61 நாள் தடைக்காலத்தில் வாலிபர்கள் இதைக் கற்றுக்கொள்ளலாம். ஆயினும் மிக மலிவான கருவிக்கு இவ்வளவு பாடு தேவையா என்பதை அவரவர் கணக்கிட்டுக்கொள்க.

2023 டிசம்பர் பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தபோது, கைபேசியும் ஹெட்செட்டும் நனையாத வீடு அரிதாயிற்று. நனைந்தவற்றை அரிசிப் பானையில் புதைத்தவர் பலர். அரிசி ஈரத்தை விரைந்து இழுப்பதில்லை. அதன் மாவுத்துகளோ துளைகளில் அடையும். உதறி, நிழலில் காற்றோட்டமாக இரண்டு நாள் உலர்த்துவதே மேல். மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து மூடிய டப்பாவில் உடன் வைத்தால் இன்னும் நன்று. கம்பியுள்ள ஹெட்செட் கடல்நீரில் விழுந்துவிட்டால், உப்போடு உலரவிடாமல் நன்னீரில் ஒருமுறை அலசிய பின்னரே உலர்த்த வேண்டும். சூடான காற்றை ஊதுதல் வேண்டா.

கம்பியில்லாத புளூடூத் வகையில் ஒரு பக்கம் பேசாவிடில், பெரும்பாலும் அது சார்ஜ் ஏறாமையே. அதன் பெட்டியிலுள்ள சிறு உலோகப் புள்ளிகளை உலர்ந்த பஞ்சால் துடைத்து, இரண்டையும் பெட்டியில் வைத்து, கைபேசியில் பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாக இணைத்துப் பார்க்க வேண்டும். ‘நீர் புகாது’ என்னும் முத்திரையை நம்பிக் கடலுக்குக் கொண்டுசெல்ல வேண்டா. அச்சோதனை நன்னீரில் செய்யப்படுவது.

எல்லாம் செய்தும் ஒலி மெலிவாகவே இருந்தால், காதையும் சோதிக்க வேண்டும். எங்கள் வட்டாரத்தில் சங்கு குளித்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் ஓராண்டில் மூன்று ஹெட்செட்டுகளை மாற்றினார். மூன்றும் இடப்பக்கம் ஊமை என்று என்னிடம் குறைப்பட்டார். “ஐயா, இடத்தையும் வலத்தையும் மாற்றிச் செருகிப் பாருங்கள்” என்றேன். மாற்றியும் இடக்காதுதான் கேட்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கல்லாய் இறுகிய குறும்பியை எடுத்தபின், தூக்கிப்போட்ட பழைய ஹெட்செட்டே நன்றாகக் கேட்டது. கொண்டை ஊசியால் குடைவதும் காய்ச்சிய எண்ணெய் விடுவதும் ஆபத்தானவை. அதிலும் ஆழத்தில் மூழ்கிப் பழகியோருக்குச் செவிப்பறையில் துளை இருக்கக்கூடும். மருத்துவர் பாராமல் காதில் எதுவும் விடலாகாது.

ஒலியளவு 80 டெசிபலுக்கு மிகாமல், வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குள் கேட்பதே பெரியவர்களுக்குப் பாதுகாப்பானது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. படகு இஞ்சினின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோர் இதை எளிதில் கடந்துவிடுவர். காதுக்குச் சரியாகப் பொருந்தும் ரப்பர் மூடியைத் தேர்ந்தால் வெளியிரைச்சல் குறைந்து, சிறிய ஒலியே போதுமானதாகும். உப்பு லாரிகள் ஓடும் சாலையில் நடப்போரும், படகில் சுக்கான் பிடிப்போரும் ஒரு காதில் மட்டும் செருகி, மற்றதை வெளியோசைக்கு விட்டுவைத்தல் வேண்டும்.