நாற்சக்கர இயக்கத்தின் நோய் காணும் முறை

சென்னை மாநகர்க்கு மேற்கே உள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்னும் ஊர்கள் ஏரிகளாலும் யந்திரங்களாலும் பெயர் பெற்றவை. அம்பத்தூர் ஏரியும், ஆவடியின் பருத்திப்பட்டு ஏரியும், பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியும் யாவரும் அறிந்தனவே. ஆவடியில் 1961ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கனரக வாகனத் தொழிற்சாலை 1965இல் விஜயந்தா என்னும் போர் ஊர்தியை ஆக்கி அளித்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையோ 1964ஆம் ஆண்டு முதல் வளர்ந்து வருவது. ஏரியும் யந்திரமும் அருகருகே வாழும் இந்நிலத்தில், மழை மிகுந்தால் நீர் யந்திரத்துள் புகுதல் இயல்பே. அங்ஙனம் புகுந்த நீர் ஒரு பிக்கப் வண்டிக்குச் செய்த தீங்கையும், அத்தீங்கின் மூலத்தைக் கண்டறிந்த முறையையும் நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் நாற்சக்கர இயக்கம் என்பது யாது எனக் காண்போம். சாதாரண வண்டியில் இரு சக்கரங்களே எஞ்சினின் வலிமையைப் பெறும். ஏனைய இரண்டும் உடன் உருளும். சேற்றில் வலிமை பெற்ற சக்கரங்கள் வழுக்கிச் சுழன்றால் வண்டி நின்றுவிடும். நான்கு சக்கரங்களுக்கும் வலிமையைப் பகிர்ந்தளித்தால் பிடிப்புள்ள சக்கரம் வண்டியை இழுத்துக் கரையேற்றும். 1941ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுப் படைக்கென ஆக்கப்பெற்ற ஜீப் வண்டி இம்முறையை உலகறியச் செய்தது. அதில் ஓட்டுநர் ஒரு கம்பியைக் கையால் தள்ளிப் பற்சக்கரங்களை இணைப்பார். இணைந்ததா இல்லையா என்பதை அவர் கையே உணரும். 2016இல் நம் நாட்டு விற்பனைக்கு வந்த இசுசு வி-கிராஸ், 2022இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற இக்காலத்துப் பிக்கப் வண்டிகளிலோ கம்பிக்கு ஈடாக ஒரு சிறு குமிழே உள்ளது. குமிழைத் திருப்பினால் ஏனைய யாவற்றையும் மின்சாரம் செய்து முடிக்கும்.

அது செய்யும் வகை இது. குமிழ் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி அனுப்புகிறது. அப்பெட்டி டிரான்ஸ்பர் கேஸ் என்னும் பகிர்வுப் பெட்டியின்மேல் உள்ள சிறு மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார் உள்ளிருக்கும் பற்களை நகர்த்தி இணைக்கிறது. எத்துணைத் தொலைவு நகர்ந்தது என்பதை ஒரு சென்சார் திரும்ப அறிவிக்கிறது. நகர்வு முடியும் வரையில் முகப்பு விளக்கு மினுக்கும். முடிந்தபின் நிலையாக எரியும். விளக்கு ஓயாது மினுக்கிக்கொண்டே இருந்தால், "ஏவிய வேலை முடியவில்லை" என்று வண்டி முறையிடுகிறது என்று கொள்க. ஏன் முடியவில்லை என்பதை விளக்கு கூறாது. அதனை ஆராய்தலே மனிதன் தொழில்.

நம் தாய்மாமன் ஒருவர் ஆவடியில் வாழ்பவர். நீர் இறைக்கும் பம்புகளைத் தம் பிக்கப் வண்டியில் ஏற்றிச்சென்று, பட்டாபிராம், திருநின்றவூர்ப் பக்கத்துப் புதுமனைகளில் பொருத்துவது அவர் ஜீவனம். மண்சாலைகளில் நாற்சக்கர இயக்கம் இன்றேல் மழைக்காலத்தில் அவர்க்குத் தொழில் இல்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மிக்ஜாம் புயல் மழையால் அம்பத்தூரும் ஆவடியும் நீரில் மூழ்கியபோது, முழங்காலளவு வெள்ளத்தில் அவர் வண்டி பலமுறை சென்று மீண்டது. அப்பொழுது யாதொரு குறையும் தோன்றவில்லை. அடுத்த மழைக்காலத்தின் தொடக்கத்தில் குமிழைத் திருப்பியபோதுதான் விளக்கு மினுக்கத் தொடங்கியது; முன்சக்கரங்கள் இணையவில்லை.

அவர் முதலில் சென்ற பணிமனையில் ஸ்கேனர் கருவியைப் பூட்டி, மோட்டாரின் மின்வழியில் பிழை என்னும் குறியீட்டைக் கண்டனர். மோட்டாருக்குரிய கப்ளரைக் கழற்றி அளந்தபோது 12 வோல்ட் மின்னழுத்தம் காட்டிற்று. "மின்சாரம் வருகிறது, மோட்டார் சுழலவில்லை, ஆதலின் மோட்டாரே கெட்டது" என்று முடிவு செய்து, அதனை மாற்ற எண்பதாயிரம் ரூபாய் ஆகும் என்றனர். அதனாலும் தீராவிடில் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மாற்றல் வேண்டுமாம். மாமனிடம் இருந்த தொகையோ நம் கல்லூரிச் சம்பளத்துக்கும் விடுதிச் செலவுக்கும் என்று அவர் எடுத்துவைத்திருந்தது. "வண்டி ஓடினாலன்றோ அடுத்த ஆண்டுச் சம்பளம்?" என்று நாம் கூறினோம். அவர் விடை கூறவில்லை.

அந்நிலையில் அண்டை வீட்டார் ஒருவர், அம்பத்தூரில் பழகிய முதிய மின்பணியாளர் ஒருவரிடம் வண்டியைக் காட்டுமாறு சொன்னார். நாமும் உடன் சென்றோம். அவர் உடனே கருவியை எடுத்திலர், வினவத் தொடங்கினார். வண்டி எப்பொழுது நீரில் சென்றது? சக்கரம் ஏதேனும் மாற்றினீர்களா? காய்ந்த தார்ச்சாலையில் நாற்சக்கர இயக்கத்தோடு திருப்பினீர்களா?

இவ்வினாக்களுக்குக் காரணம் உண்டு. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தொலைவு செல்வன. சேற்றில் அவ்வேறுபாடு வழுக்கித் தீரும். காய்ந்த சாலையில் தீராது. பற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அளவு வேறுபட்ட டயர்களும் அத்தீமையையே செய்யும். அன்றியும், குறைவேக நிலைக்கு மாற்றும்போது பல வண்டிகளை நிறுத்திக் கியரை நியூட்ரலில் வைத்தல் வேண்டும். இவ்விதிகளை மறந்தார்க்கு நோயில்லா வண்டியும் நோயுற்றதாகத் தோன்றும்.

இவை யாவும் குற்றமில எனத் தெரிந்தபின், அவர் எளியதிலிருந்து அரியதற்குச் சென்றார். முதலில் பாட்டரி, ஓய்ந்திருக்கும் நிலையில் அது 12.6 வோல்ட் காட்டிற்று, நன்று. அடுத்து ஃபியூஸ், ரிலே, அவையும் நன்று. பின்னர் மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் எர்த் கம்பியிலும், மற்றொரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் வைத்து, "தம்பி, குமிழைத் திருப்பு" என்றார். திருப்பினோம். ஒன்றுமில்லாதிருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் நான்கு வோல்ட்டுக்கு மேல் காட்டிற்று. "குற்றம் போகும் வழியில் இல்லை, தம்பி; திரும்பும் வழியில் இருக்கிறது" என்றார்.

இதன் பொருளை நாம் நன்கு உணர்தல் வேண்டும். மின்சாரம் மோட்டாருக்குச் சென்றால் மட்டும் போதாது. வேலை செய்தபின் எர்த் கம்பி வழியே வண்டியின் சட்டத்தை அடைந்து, பாட்டரிக்குத் திரும்புதலும் வேண்டும். அவ்வழியில் அரை ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 10 ஆம்பியர் மின்சாரம் ஓடினால் 5 வோல்ட் அங்கேயே இழக்கப்படும். பன்னிரண்டில் ஏழே வேலைக்கு எஞ்சும். மோட்டார் முனகி நின்றுவிடும். ஆனால் கப்ளரைக் கழற்றி அளக்கும்போது மின்சாரமே ஓடுவதில்லை. ஓட்டம் இல்லையேல் இழப்பும் இல்லை. ஆகவே மீட்டர் முழுமையாகப் பன்னிரண்டையே காட்டும். முதற் பணிமனையார் பொய் கூறினாரல்லர். ஓய்ந்திருக்கும்போது அளந்து, உழைக்கும்போது நேரும் குற்றத்தைத் தேடினர். அதுவே அவர் பிழை. ஸ்கேனரின் குறியீடும் நோவும் இடத்தைக் காட்டிற்றேயன்றி நோயின் பெயரைக் கூறவில்லை.

எர்த் கம்பியைச் சட்டத்தோடு முடுக்கிய போல்ட்டைக் கழற்றியபோது, செம்பின்மேல் பச்சைக் களிம்பும் இரும்பின்மேல் துருவும் மண்டியிருந்தன. ஏறத்தாழ ஓராண்டுக்கு முன் புகுந்த வெள்ளநீர் விட்டுச்சென்ற எச்சம் அது. உப்புத்தாளால் தேய்த்து, கம்பியின் முனையைப் புதிதாக்கி, இறுக முடுக்கி, ஈரம் புகாவண்ணம் கிரீஸ் தடவினார். மீண்டும் குமிழைத் திருப்பினோம். விளக்கு சிலமுறை மினுக்கி, நிலையாக எரிந்தது. அவர் பெற்ற கூலி அறுநூறு ரூபாய். மாமன் அன்று வீடு சேரும்வரை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் நம் சம்பளத்தைக் கட்டிவிட்டு வந்தார்.

திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென ஆராய்ந்து, அதன் மூலத்தையும் அது தணியும் வழியையும் கண்டு, அதன்பின் பிழையாது செய்க என்று மருத்துவனுக்கு முறை வகுத்தார். அதனை வகுப்பறையில் நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். அதன் ஆழத்தை அம்பத்தூரில் ஒரு பிக்கப் வண்டியின் அடியில்தான் கண்டோம். மாற்றிப் பார்ப்பது மருத்துவம் அன்று; அறிந்து மாற்றுவதே மருத்துவம். விலைமிக்க உறுப்பை முதலில் ஐயுறுதல் எளிது. அது பொருளுடையார்க்கு இழப்பு மட்டுமே; பொருளில்லார்க்கோ ஒரு மகனின் படிப்பு.

ஆதலின், வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இது. வெள்ளத்தில் வண்டி சென்றால், நீர் வடிந்த அக்கிழமையிலேயே எர்த் முனைகளையும் கப்ளர்களையும் திறந்து உலர்த்துங்கள். மழை இல்லாத காலத்திலும் திங்களுக்கு ஒருமுறை மண்சாலையில் நாற்சக்கர இயக்கத்தைச் செலுத்திப் பாருங்கள். எவரேனும் ஓர் உறுப்பு கெட்டது என்றால், "உழைக்கும்போது அளந்தீரோ?" என்று பணிவோடு கேளுங்கள். அவ்வொரு வினாவே சில வேளைகளில் ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் செல்வத்தைக் காக்கும்.