தேதி வாங்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

பதினோரு வருடப் பார்க்கின்சன். அப்பாவின் காபி டம்ளரை அம்மா பாதிக்கு மேல் நிரப்ப மாட்டாள். நிரப்பினால் மிச்சம் வேட்டிக்குத்தான். மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் நடப்பார், பிறகு நின்ற இடத்திலேயே உறைந்துபோவார்.

அப்போதுதான் டாக்டர் டிபிஎஸ் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னார். மூளையின் ஆழத்தில் மெல்லிய கம்பி, காலர் எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பேட்டரி. 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் டாக்டர் பெனபிட், நடுக்கத்தை நிறுத்த மூளையில் பொசுக்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் உள்ளே மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். துடிப்பை நொடிக்கு நூறு அளவுக்கு ஏற்றியதும் நடுக்கம் நின்றது. பொசுக்காமலே குணம் தெரிந்த அந்த இடத்தில் பிறந்த சிகிச்சை இது.

எங்களுக்குக் கிடைத்த பாடங்கள் இவை.

மாத்திரைதான் ஜோசியர். ஆபரேஷன் பலிக்குமா என்று பார்க்க, முதல் நாள் ராத்திரியிலிருந்து மாத்திரையை நிறுத்தி, காலையில் அப்பாவை நடக்கவிட்டார்கள். மாத்திரை கொடுத்து மறுபடி நடக்கவிட்டார்கள். மாத்திரையில் இளகும் விறைப்பு கரண்டிலும் இளகும். நடுக்கம் மட்டும் மாத்திரைக்கு மசியாவிட்டாலும் இதற்கு மசியலாம். பேச்சுக் குழறலும் நடைத் தடுமாற்றமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

முதல் வாரத்தை நம்பாதீர்கள். ஆபரேஷனுக்கு மறுநாள் அப்பாவின் கை ஆடவில்லை. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டாள். மெஷினை அப்போது ஆன் செய்யவே இல்லை! கம்பி நுழைந்த இடத்து வீக்கம் கொடுத்த தற்காலிக நிம்மதி அது. வீக்கம் வடிந்ததும் நடுக்கம் திரும்பியது, வீடே அழுதது.

ட்யூனிங்குக்குப் பொறுமை வேண்டும். நாலு மாதத்தில் ஆறு தடவை போனோம். கரண்டைக் கொஞ்சம் கூட்டினால் நாக்கு குழறியது, குறைத்தால் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. "எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டால் அப்பா, "பரவாயில்லை" என்பதோடு முடித்துவிடுவார். கைகொடுத்தது அம்மாவின் மளிகைக் கணக்கு நோட்டுதான்: எத்தனை மணிக்கு மாத்திரை, எப்போது உறைந்தார், எப்போது உடம்பு தன்னால் நெளிந்தது, எல்லாம் அதில் இருந்தது. அதைப் புரட்டித்தான் அளவை மாற்றினார்கள்.

உடம்பில் மெஷின் இருப்பதைச் சொல்லும் அட்டை சட்டைப்பையிலேயே இருக்கட்டும். தோள்வலிக்குப் போன இடத்தில் டையதெர்மி மெஷினால் சூடு கொடுக்கப் போனார்கள். ஓடிப்போய்த் தடுத்தேன். அந்தச் சூடு கம்பி வழியே மூளைக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து. எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன்பும் அட்டையைக் காட்டுங்கள்.

சார்ஜ் செய்ய முடியாத பேட்டரியைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

நோய் நிற்கவில்லை. ஆனால் மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது, சட்டைப் பொத்தானை அப்பாவே போட்டுக்கொள்கிறார். ஆபரேஷன் ஒரு நாள் வேலை. மிச்சமெல்லாம் வீட்டில் நடப்பது. தேதி வாங்குவதற்கு முன் ஒரு நோட்டு வாங்கி, இன்றைக்கே எழுத ஆரம்பியுங்கள்.